இறங்கும் இடத்தில் வையுங்கள் அந்தப் பலகையை

மலைப்பாதைகளிலும் செம்மணல் தேரிக்காட்டு ஓரத்திலும் கடற்கரைச் சாலைகளிலும் அறிவிப்புப் பலகை வைக்கும் பொறுப்பில் இருக்கும் நெடுஞ்சாலை, சுற்றுலா, வனத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டி–மசினகுடி கல்லட்டிப் பாதையில் 36. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் பலகை நட்டிருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. அந்த எண்களைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது. இந்த மடல் இன்னொரு பலகையைப் பற்றியது. ‘மெதுவாகச் செல்லவும்’ என்கிற பலகை.

மலை இறங்கும் சமவெளிக்காரர் அந்தப் பலகைக்குக் கீழ்ப்படிகிறார். கீழ்ப்படிவதால்தான் மாட்டிக்கொள்கிறார். வண்டியை மூன்றாவது கியரில் விட்டுவிட்டு, வேகம் ஏறாமல் இருக்க பிரேக் பெடலை அரை அழுத்தமாக மிதித்தபடியே வருகிறார். வேகமுள் 25-ஐத் தாண்டுவதில்லை. பலகை சொன்னது சொன்னபடி நடக்கிறது. சில வளைவுகள் கழிந்ததும் கருகல் வாடை வருகிறது. அடுத்த வளைவுகளில் இரண்டில் ஒன்று நடக்கும். பெடல் கெட்டியாகவே இருக்கும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. அல்லது பெடல் பஞ்சு போல அமுங்கித் தரையைத் தொடும். முதலாவது, டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பேட் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போவது. இரண்டாவது, பிரேக் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவி நிறைவது. ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதிக்கும் பலமெல்லாம் ஆவியைச் சுருக்குவதிலேயே போய்விடும்.

எவ்வளவு சூடு என்பதற்கு ஒரு கணக்கு. ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார் ஊட்டியிலிருந்து மசினகுடிக்குச் சுமார் 1,200 மீட்டர் உயரம் இறங்குகிறது. அந்த இறக்கத்தின் ஆற்றல் முழுவதையும் பிரேக்கே வாங்கிக்கொண்டால், குடத்துத் தண்ணீர் ஐம்பது லிட்டருக்கு மேல் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. அதைத் தாங்க வேண்டியவை முன்சக்கரங்களில் ஒரு தட்டு அளவே உள்ள இரண்டு டிஸ்க்குகளும், பின்னால் இருக்கும் இரண்டு டிரம்களும். ‘டாட் 3’ தரத்துப் புது பிரேக் ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். டாட் 4 என்றால் 230. ஆனால் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ஈரம் ஏறிய ஆயிலுக்கு இந்த வரம்பு 140, 155 என்று விழுந்துவிடுகிறது. சமவெளியில் ஐந்து வருடம் மாற்றாமல் ஓட்டினாலும் ஒன்றும் தெரியாத ஆயில், மலையிறக்கத்தில் ஒரே நாளில் தன் வயதைக் காட்டிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

ஆகவே ‘மெதுவாக’ என்ற சொல்லை எடுத்துவிட்டு எப்படி மெதுவாக என்று எழுதுங்கள். மலை ஓட்டுநர்கள் வாய்மொழியாகச் சொல்லும் விதி ஒன்று போதும்: ஏறும் கியரிலேயே இறங்கு. இரண்டாவது கியரில்தான் ஏற முடியும் என்கிற இடத்தில் இரண்டாவதிலேயே இறங்க வேண்டும். கல்லட்டி மாதிரிச் செங்குத்தில், கொண்டை ஊசிக்கு முன் முதல் கியர். என்ஜின் இரைச்சல் கூடும். அது வண்டியின் அழுகையல்ல, வேலை செய்கிற சத்தம். என்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் சிவப்புக்கோட்டுக்குக் கீழே இருக்கும்வரை என்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. பிரேக்கைத் தொட வேண்டியபோது அழுத்தமாகத் தொட்டு, வேகத்தை 20-க்குக் குறைத்து, முழுதாக விட்டுவிட வேண்டும். விடுகிற அந்த நொடிகளில்தான் டிஸ்க் ஆறும்.

நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று நம்புகிறவர்கள் இன்னும் நிறையப் பேர். பலகையில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியே ஆக வேண்டும். இன்றைய இன்ஜெக்‌ஷன் என்ஜின்களில், கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கும்போது எரிபொருள் முற்றிலும் நின்றுவிடுகிறது. சக்கரமே என்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் என்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் செலவாகிறது. அதாவது நியூட்ரலில் மிச்சம் எதுவும் இல்லை, ஆபத்து மட்டும் உண்டு. என்ஜினையே அணைத்துவிடுவது இதைவிட மோசம். பிரேக்குக்குத் துணை நிற்கும் வாக்குவம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்து பெடல் இறுகிவிடும், ஸ்டியரிங் கனக்கும், சாவியைத் தவறுதலாகத் திருப்பி உருவிவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள்தான் இப்போது அதிகம் தடுமாறுகிறார்கள். ‘டி’யிலேயே இறங்கினால் வண்டி தானாகப் பெரிய கியருக்கு மாறி, என்ஜினின் பிடியை விட்டுவிடும். எல், 2, எஸ், அல்லது பிளஸ்-மைனஸ் உள்ள மேனுவல் நிலை என்று அந்த வண்டியில் எது இருக்கிறதோ அதற்கு மாற்ற வேண்டும். கிளட்சைத் தானே இயக்கிக்கொள்ளும் ஏஎம்டி வகை ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கு ஏற்றத்திலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். நெரிசலில் நிற்கும்போது பிரேக்கை விட்டு ஆக்ஸிலேட்டரால் வண்டியைத் தாங்கி நிறுத்தினால், உள்ளே கிளட்ச் தேய்ந்து கருகும். ஹேண்ட் பிரேக்கில் நிறுத்தி, கிளம்பும்போது விடுவதே சரி.

மின்சார கார்களுக்குத் தனியாக இரண்டு வரி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் உயரம் ஏறக்குறைய 1,900 மீட்டர். 1,700 கிலோ வண்டியை அவ்வளவு தூரம் தூக்குவதற்கு மட்டும் 9 யூனிட் வரை மின்சாரம் வேண்டும். சாலையில் ஓடுவதற்கான செலவு இதற்கு மேல். 30 யூனிட் பேட்டரிக்கு இது மூன்றில் ஒரு பங்கு. திரும்பும்போது கதை தலைகீழ். மேலே நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கத் தொடங்கினால், இறக்கத்தில் மோட்டார் பிறப்பிக்கும் மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடமிருக்காது. மோட்டார் தடுப்பது குறைந்து, சுமை முழுவதும் சாதாரண பிரேக்கின் தலையில் விழும். மேலிருந்து கிளம்புகிற வண்டிக்கு 80 சதவீதம் போதும் என்று மலை மேலுள்ள சார்ஜிங் நிலையங்களிலேயே எழுதி வைக்கலாம்.

இனி, பலகை எங்கே நிற்க வேண்டும் என்பது. இப்போது ஓட்டுநருக்கான அறிவுரைகள் பெரும்பாலும் அடிவாரத்தில், ஏறுகிறவரைப் பார்த்து நிற்கின்றன. ஏறும்போது அதிகபட்சம் என்ஜின் சூடாகும், நின்றுவிடும். இறங்கும்போதுதான் உயிர் போகிறது. கல்லட்டியில் வெளியூர் வண்டிகள் கீழிறங்கத் தடை போட்டு, தலைக்குந்தாவில் நிறுத்திக் கூடலூர் பாதைக்குத் திருப்பிவிடுவதும் இதனால்தானே? அதே அறிவை மற்ற மலைகளிலும் கடைப்பிடியுங்கள். கொல்லிமலையில் சோளக்காட்டைத் தாண்டி முதல் இறக்க வளைவுக்கு முன், வால்பாறையில் ஊர் எல்லை முடிகிற இடத்தில், கோத்தகிரி, குன்னூர் வழிகளில் கடைசிக் கடைத்தெருவில் என்று அந்தப் பலகை இறங்குகிறவரின் முகத்துக்கு எதிரே நிற்கட்டும்.

ஓடுகிற வண்டியிலிருந்து யாரும் ஆறு வரி படிக்க மாட்டார்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் கடந்துவிடும். ஆகவே வண்டி ஏற்கெனவே நிற்கிற இடமாகப் பார்த்து வையுங்கள்: சோதனைச் சாவடி, நுழைவுக் கட்டணம் வாங்கும் இடம், பெட்ரோல் பங்க். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வாங்கித்தான் வருகிறார்கள். என்ன வண்டி, எத்தனை பேர் என்று நீங்களே கேட்டு வாங்குகிறீர்கள். அந்தப் பாஸிலேயே, அவர் சொன்ன வண்டிக்கு ஏற்றபடி, இறக்கத்தில் எந்த கியர் என்று ஒரு வரி வந்தால் அச்சுச் செலவு கூடக் கிடையாது.

பலகையில் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

இனி இத்தனை கிலோமீட்டர் இறக்கம், இத்தனை வளைவு.
ஏறும் கியரிலேயே இறங்குக. ஆட்டோமேட்டிக் என்றால் எல் அல்லது 2.
நியூட்ரல் கூடாது. என்ஜினை அணைக்கக் கூடாது.
பிரேக்கில் கால் வைத்தபடியே ஓட்டாதீர். அழுத்தி, விடுக.
கருகல் வாடை வந்தால் அடுத்த நிறுத்துமிடத்தில் அரை மணி நேரம் நிற்க. தண்ணீர் ஊற்றாதீர்.
ஏறி வரும் வண்டிக்கு வழி விடுக.

ஐந்தாவது வரிக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. சூடேறிய டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம். நிறுத்தும்போது முதல் கியரிலோ ரிவர்ஸிலோ போட்டு, சக்கரத்துக்குக் கல் அண்டக் கொடுப்பது நல்லது. கொதிக்கிற பின்சக்கரத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவைத்தால், ஆறும்போது டிஸ்க் என்றால் பிடி தளரலாம், டிரம் என்றால் இறுகி ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் கிளம்பும்போது அந்தக் கல்லை யாரும் எடுப்பதில்லை. நடுச்சாலையில் தேங்காய் அளவுக் கல் கிடக்கிறது என்றால் அது மலையிலிருந்து விழுந்தது என்று நினைக்காதீர்கள். இரவில் பைக்கில் வருகிறவர் அதில்தான் விழுகிறார். நிறுத்துமிடங்களில் சங்கிலி போட்ட மரக்கட்டை இரண்டு வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

ஆறாவது வரி சட்டமாகவே இருக்கிறது. அகலம் போதாத மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை. ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது கடினம், பின்னால் உருளும் என்பதே காரணம். ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்காவது இது தெரியுமா என்பது சந்தேகம். அரசுப் பேருந்து கொண்டை ஊசியில் திரும்ப முழுச் சாலையும் வேண்டும். எதிரே பேருந்தின் ஹாரன் கேட்டால் வளைவுக்கு இருபது மீட்டர் முன்பே ஒதுங்கி நிற்க வேண்டும். வளைவுக்குள் நுழைந்துவிட்டுப் பின்வாங்குவதுதான் பெரிய நெரிசல்களுக்குத் தொடக்கம்.

இப்போது வளைவு எண்களுக்கு வருவோம். பல வளைவுகளில் கைபேசிக்கு சிக்னல் கிடையாது. கிடைக்கிற இடத்தில் 108-ஐ அழைப்பவர், “மலையில் எங்கேயோ, பக்கத்தில் ஒரு பெரிய மரம்” என்று சொல்வார். கையில் இருக்கும் மிகச் சரியான முகவரி அந்த எண்தான். அதன் கீழே மூன்று சேதிகளைச் சேருங்கள்: அடுத்த நிறுத்துமிடம் எந்த வளைவில், அடுத்த சிக்னல் எந்த வளைவில், இந்த இடத்தைச் சொல்ல இந்த எண்ணைச் சொல்லுங்கள். வால்பாறைப் பாதையின் ஒன்பதாவது வளைவில் காட்சிமுனை இருக்கிறது. வரையாடும் தென்படும், ஆழியாறு அணையும் தெரியும். பார்க்கத்தானே வருகிறார்கள், நிறுத்தாதே என்றால் எப்படிக் கேட்பார்கள்? ‘நிறுத்த இடம் 9-ல்’ என்று மூன்றாவது வளைவிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தால் இடையில் நிறுத்த மாட்டார்கள். வாந்தி வருகிற குழந்தையோடு ஏறும் தகப்பனுக்கும் அது பெரிய உதவி.

மூடுபனிக்கு இரண்டே சேதி. ஹெட்லைட்டை டிம்மில் வையுங்கள். பிரைட்டில் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். ஓடும்போது நாலு இண்டிகேட்டரையும் எரியவிடாதீர்கள். நின்றிருக்கிறீர்களா, திரும்பப் போகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. யானைக்கும் நீளமாக எழுத வேண்டாம். தூரத்திலேயே நிற்க, ஹாரன் கூடாது, இறங்கக் கூடாது, பின்வாங்க வழி விட்டு நிற்க. திம்பம் பாதையில் கரும்பு லாரிகளிலிருந்து சிந்துகிற கரும்புக்காக யானை சாலைக்கு வருவது ஊரறிந்த சேதி. அங்கே எழுத வேண்டியது லாரிக்காரர்களுக்கு: சுமையைத் தார்ப்பாயால் மூடுக, சிந்திய கரும்பை இறங்கி எடுக்காதே.

தெற்கே வந்தால் மலை, மணல், கடல் மூன்றையும் ஒரே காற்று சேர்க்கிறது. வைகாசியிலிருந்து புரட்டாசி வரை தென்மேற்குக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பீறிட்டு வந்து, முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றி, கிழக்கே திருச்செந்தூர் வட்டாரத் தேரியின் செம்மணலை அள்ளிப் போடுகிறது. முப்பந்தல் சாலையில் ‘பலத்த காற்று’ என்று எழுதினால் போதாது. எப்போது அடிக்கும் என்று எழுத வேண்டும். லாரியை முந்தும்போது, லாரியின் மறைவில் இருக்கும்வரை காற்று இருக்காது. ஸ்டியரிங்கைத் தளர்வாகப் பிடித்திருப்பார். லாரியின் மூக்கைத் தாண்டிய நொடியில் பக்கவாட்டில் ஓர் அடி விழும். உயரமான வண்டி அரைத் தடம் நகர்ந்துவிடும், பைக் அதைவிடக் கூடுதலாக. மேற்கூரையில் சாமான் கட்டிய வண்டிக்கு இன்னும் மோசம். ‘முந்தி முடியும் இடத்தில் காற்று அடிக்கும்’ என்ற நான்கைந்து சொல்லே அந்தப் பலகை.

தேரிக்கு வருகிறவர்கள் பாலைவனப் படம் எடுக்க வருகிறார்கள். இரும்பு ஆக்சைடு பூசிய அந்தச் சிவப்பைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குதிரைமொழித் தேரி காப்புக்காடு. தாரை விட்டு வண்டியை இறக்கவே கூடாது. அனுமதி இருக்கிற மண்பாதையிலும் சின்ன கார் போகாது. காய்ந்த தேரி மணலில் முன்சக்கரம் ஒருமுறை சுழன்றாலே அச்சு வரை புதையும். சுழலத் தொடங்கியதும் ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுவதுதான் முதல் வேலை. எல்லாரும் செய்வது இதற்கு நேர்மாறு. ஆட்களை இறக்கி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலை வாரி, டயர் காற்றை 33 பிஎஸ்ஐ அழுத்தத்திலிருந்து 18 வரை குறைத்தால் டயர் தட்டையாகி அதிக மணலை மிதிக்கும். பனைமட்டையோ கால்மிதியோ போட்டு, ஸ்டியரிங்கை நேராக வைத்து, வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெல்ல வர வேண்டும். தார்ச்சாலை வந்ததும் காற்றடிக்கும்வரை 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. காற்றில்லாத டயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும். சின்ன காற்றடிக்கும் மெஷின் இல்லாதவர் காற்றைக் குறைக்கவே வேண்டாம், டிராக்டரைக் கூப்பிடட்டும். இவ்வளவையும் பலகையில் எழுத முடியாது. ‘தார் முடிகிறது. காரைத் திருப்புக. தண்ணீர் இல்லை, நிழல் இல்லை’ என்று தார் முடிய நூறு மீட்டர் முன்பு, திருப்ப அகலம் உள்ள இடத்தில் எழுதினால் போதும். நடந்து போகிறவர்களுக்கு நபருக்கு மூன்று லிட்டர் தண்ணீர். திரும்பும் வழியில் உடன்குடிக் கருப்பட்டிக் கடை எங்கே என்றும் ஓர் அம்புக்குறி போட்டால் ஊருக்கும் லாபம்.

கடைசியாகத் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல் அழித்த ஊருக்கு, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் தார்ச்சாலை 2017-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன் மணலில் ஜீப்புகள்தான் போய்வந்தன. இப்போது எல்லா வண்டியும் போகிறது; போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை ராமேசுவரத்திலேயே சொல்ல வேண்டும், முனையில் அல்ல. பெட்ரோலையும் டயர் காற்றையும் ராமேசுவரத்தில் பார்த்துக்கொள்வதே நல்லது. சாலையின் ஒருபுறம் உள்ளூரில் ஆண் கடல் என்று சொல்வது, மறுபுறம் பெண் கடல். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கத்து ஆண் கடலின் கரையிலிருந்து மணல் பறந்து தாரின் மேல் மெல்லிய படலமாகக் கிடக்கும். காரில் தெரியாது, பைக்கில் அதன் மேல் பிரேக் பிடித்தால் சறுக்கும். வண்டியைத் திருப்பத் தார் ஓரத்தை விட்டு ஒரு சக்கரம் இறக்கினாலும் புதையும், தேரியில் சொன்னதேதான் இங்கும். உப்புக் காற்றில் நின்ற வண்டிக்கு அன்றிரவே நல்ல தண்ணீரில் அடிப்பாகம் கழுவ வேண்டும். பைக்கானால் செயினைத் துடைத்து எண்ணெய் விட வேண்டும். மறுநாள் காலை பிரேக் டிஸ்க்கில் துரு படிந்து கரகரவென்றால் பயப்பட வேண்டாம், நாலைந்து முறை பிடித்தால் போய்விடும். பாம்பன் பாலத்தின் மேல் நிறுத்திப் படம் எடுப்பதைத் தடுக்க, பாலத்துக்கு முன்பே இரண்டு கரையிலும் நிறுத்துமிடத்தைக் காட்டும் பலகை வேண்டும். 2025-ல் புது ரயில் பாலம் திறந்ததிலிருந்து பார்க்க ஆசைப்படுகிறவர் கூட்டம் இன்னும் கூடும்.

பலகைகள் தமிழில் முதலிலும் பெரிதாகவும் இருக்கட்டும். நீலகிரியில் கன்னடமும் மலையாளமும், ராமேசுவரத்தில் இந்தியும் கீழே சேருங்கள். அங்கே வருகிற வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே காரணம் தெரியும். எந்த இடத்தில் தொடங்குவது என்று கேட்டால் கொல்லிமலை என்போம். 70 வளைவு, எண் ஏற்கெனவே இருக்கிறது, ஏறவும் இறங்கவும் அதே பாதையில் வருகிறவர்களே அதிகம். சோளக்காட்டில் ஒரு பலகை, காரவள்ளியில் ஒன்று, நடுவே நிறுத்துமிடங்களில் மரக்கட்டைகள்.

இப்படிக்கு,
மலையிலும் மணலிலும் வண்டி ஓட்டியும் பழுது பார்த்தும் பிழைப்பவர்கள் சிலர்